சபையா, சமூகமா? இந்திய விடுதலைக்கு முந்தைய அரசியலில் பேராயர் வே.சா. அசரியாவின் நிலைப்பாடு

முன்னுரை

இந்திய விடுதலைக் காலத்தில் கிறித்தவத் தலைவர்கள் ஆற்றிய பங்கினைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இருவகைப்படும். சபை வரலாறாக எழுதப்படுபவை தலைவரின் இறைப்பணியை விரித்துரைத்து, நாட்டு நிகழ்வுகளைப் பின்னணியாக மட்டுமே காட்டும். தேசிய இயக்க வரலாறாக எழுதப்படுபவை அவர் காங்கிரசில் இருந்தாரா, சிறை சென்றாரா என்னும் வினாக்களைக் கொண்டே அவரை அளக்கும். இவ்விருவகை அளவுகோலுக்கும் அடங்காதவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா (1874–1945). ஆங்கிலிக்கத் திருச்சபையில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட முதல் இந்தியர் இவர். காங்கிரசில் சேராதவர், சிறை செல்லாதவர். ஆயினும், விடுதலை பெறவிருந்த இந்தியாவில் ஒரு சமயச் சிறுபான்மை எவ்வாறு வாழ வேண்டும் என்ற வினாவிற்கு அவர் அளித்த விடை, அரசியல் களத்தின் மையத்தைத் தொட்டது.

கிறித்தவர்க்குத் தனித் தொகுதி வேண்டா என்று அரசை எதிர்த்தவர் அசரியா. மதமாற்றம் வேண்டா என்று சொன்ன காந்தியடிகளையும் எதிர்த்தவர் அவரே. முதல் நிலைப்பாடு அவரைத் தேசியவாதியாகவும், இரண்டாவது அவரைத் தேசியத்திற்கு எதிரானவராகவும் காட்டுவதாகக் கொள்வது வழக்கம். இவை இரண்டும் ஒரே கொள்கையின் இரு முகங்கள் என்பதை நிறுவுவதும், அக்கொள்கைக்கான விலையைக் கொடுத்தவர் எவர் என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

திருநெல்வேலிப் பின்புலம்

அசரியா 1874 ஆகஸ்டு 17 அன்று அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்த வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் கிராமச் சபையின் குருவானவர். அசரியா நாடார் குடும்பத்தில் பிறந்தவர் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சமூக இழிவுகளை எதிர்த்துப் போராடிய அச்சமூகத்தில், சமய மாற்றமும் கல்வியும் மேம்பாட்டின் வழிகளாக அமைந்தன. ஒடுக்கப்பட்டோர் சமயம் மாறுவதை அவர் வெளியிலிருந்து கண்டவரல்லர்; அவருடைய குடும்ப வரலாறே அதுவாக இருந்தது. பிற்காலத்தில் காந்தியடிகளோடு அவர் கொண்ட கருத்து மாறுபாட்டின் வேர் இங்கே உள்ளது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற காலத்தில் கே.டி. பால் அவருக்கு நண்பரானார். 1895 முதல் 1909 வரை கிறித்தவ வாலிபர் சங்கத்தின் (ஒய்.எம்.சி.ஏ.) செயலாளராகத் தென்னிந்தியா முழுவதும் பயணம் செய்தார். 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறித்தவர்கள் வெளிநாட்டார் உதவியை எதிர்பாராமல் தாமே சமயப் பணியாளர்களை அனுப்பிவந்ததைக் கண்டார். இதன் விளைவாக 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. இந்தியர் பணம், இந்தியர் உழைப்பு, இந்தியர் நிருவாகம் என்பன அதன் மூன்று அடிப்படைகள். இரண்டாண்டுகளுக்குப் பின், 1905 டிசம்பர் 25 அன்று, வங்கத்தின் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் நிறுவப்பட்டபோதும் அசரியா முன்னின்றார்.

இவ்வாண்டுகளின் வரிசை நோக்கத்தக்கது. வங்கப் பிரிவினையை எதிர்த்த சுதேசி இயக்கம் 1905-இல் எழுந்தது. வ.உ. சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் நிறுவனம் தூத்துக்குடியில் 1906-இல் தொடங்கப்பட்டது. அதே மாவட்டத்தில், அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, சமயத் துறையில் சுதேசிக் கொள்கையின் அடிப்படைகளை ஒத்த ஓர் அமைப்பு உருவாகியுள்ளது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று கூற இயலாது. ஆயினும், பொருளையும் நிருவாகத்தையும் தம் கையில் கொள்ளாதவரை உரிமை இல்லை என்னும் எண்ணம் அக்காலத் திருநெல்வேலியில் பல தளங்களில் வெளிப்பட்டமையை இவை உணர்த்துகின்றன.

எடின்பரோவும் தோர்ணக்கலும்

இந்திய மிஷனெரி சங்கம் தேர்ந்த பணிக்களம் ஐதராபாத் நிசாம் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல் பகுதி. இன்று அது தெலங்கானாவின் மகபூபாபாத் மாவட்டத்தில் உள்ளது. அசரியா 1909-இல் குருவானவராகி அங்குச் சென்றார். தமிழரான அவர் தெலுங்கைக் கற்று, தெலுங்கிலேயே தம் பணியைச் செய்தார்.

1910-இல் எடின்பரோவில் நடைபெற்ற உலக மிஷனெரி மாநாட்டில் வெளிநாட்டு ஊழியர்க்கும் உள்நாட்டு ஊழியர்க்கும் இடையிலான உறவு குறித்து அவர் உரையாற்றினார். வெள்ளைய ஊழியர்கள் உடைமைகளைக் கொடுத்தார்கள், உயிரையும் கொடுத்தார்கள். ஆனால் சமமாக அமர்ந்து நட்புக் கொள்ளவில்லை என்பது அவ்வுரையின் சாரம். நண்பர்களைத் தாருங்கள் என்னும் வேண்டுகோளுடன் அது நிறைவுற்றது. ஏகாதிபத்தியத்தின் உச்ச காலத்தில், ஆள்வோரின் மண்ணில் நின்று, இன ஏற்றத்தாழ்வைச் சபைக்குள் சுட்டிக்காட்டிய உரை என்ற வகையில் இதற்கு அரசியல் முக்கியத்துவம் உண்டு.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவின் புனித பவுல் பேராலயத்தில் அசரியா தோர்ணக்கல் பேராயரானார். அக்காலத் தமிழ்ச் சபை வழக்கில் 'அத்தியட்சர்' என்பதே இப்பதவியின் பெயர். 'பேராயர்' என்பது பின்னர் நிலைபெற்ற வழக்காகும். தொடக்கத்தில் மிகச் சிறியதாக இருந்த திருமண்டலம், 1920-களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தின் கிருஷ்ணா பகுதியையும் உள்ளடக்கி விரிந்தது. அவருடைய பணிக்காலத்தில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் அங்குத் திருச்சபையில் சேர்ந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகங்களைச் சார்ந்த உழவுத் தொழிலாளர்கள். 1939 ஜனவரி 6 அன்று திருநிலைப்படுத்தப்பட்ட தோர்ணக்கல் பேராலயம், கோயில், மசூதி ஆகியவற்றின் கட்டடக் கூறுகளைக் கிறித்தவ வழிபாட்டிற்கு இயைத்து எழுப்பப்பட்டது.

இவ்வளர்ச்சிக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 1912 முதல் 1945-இல் மறையும் வரை, ஒரு திருமண்டலத்தின் முழுப் பொறுப்பை ஏற்ற இந்திய ஆங்கிலிக்கப் பேராயர் அசரியா ஒருவரே. முப்பத்திரண்டு ஆண்டுகளில் மற்றோர் இந்தியர்க்கு அப்பொறுப்பு வழங்கப்படவில்லை. இந்திய மிஷனெரி சங்கம் தன் பொருளைக் கொண்டே நடந்தபோதிலும், விரிவடைந்த திருமண்டலம் இங்கிலாந்தின் மிஷனெரி சங்கங்களுடைய நிதியைச் சார்ந்தே இயங்கியது. தற்சார்பை முழங்கியவர் சார்பு நிலையிலிருந்து முற்றும் விடுபட இயலவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

திருச்சபையின் அதிகார மாற்றம்

ஆங்கிலிக்கத் திருச்சபை இந்தியாவில் நீண்டகாலம் இங்கிலாந்துத் திருச்சபையின் சட்டப்படியான பகுதியாக விளங்கியது. 1927-ஆம் ஆண்டின் இந்தியத் திருச்சபைச் சட்டம் இப்பிணைப்பை அறுத்தது. 1930 மார்ச் 1 முதல் 'இந்திய, பர்மிய, இலங்கைத் திருச்சபை' தன்னாட்சி பெற்றது. நாட்டின் அதிகார மாற்றத்திற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே சபையின் அதிகார மாற்றம் சட்டத்தளவில் நிகழ்ந்துவிட்டது எனலாம்.

ஆனால் சட்டத்தளவிலான தன்னாட்சி மட்டும் போதும் என்று அசரியா கருதவில்லை. 1919 மே மாதத் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் முப்பத்து மூவர் கூடினர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இந்தியர். பஞ்சாப் படுகொலை நிகழ்ந்து மூன்று வாரங்களும் நிறைவுறாத காலம் அது. ஐரோப்பிய வரலாற்றில் விளைந்த சபைப் பிரிவுகளை இந்தியர் சுமக்க வேண்டியதில்லை, தென்னிந்தியச் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அக்கூட்டம் அறிக்கை விடுத்தது. அதன் முன்னோடிகளுள் ஒருவர் அசரியா. 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கிய அதே ஊரில், மேலைநாட்டார் கொண்டுவந்த பிரிவினைகளை விலக்கும் முயற்சி தொடங்கியது பொருத்தமாகவே அமைந்தது.

தனித் தொகுதி மறுப்பு

1919-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் சென்னை மாகாணத்தில் இந்தியக் கிறித்தவர்க்குத் தனித் தொகுதிகளை வழங்கியது. கிறித்தவர் வாக்காளராகவும் கிறித்தவர் வேட்பாளராகவும் அமையும் முறை அது. வட்டமேசை மாநாடுகளில் இம்முறையை விரிவாக்குவது பற்றிய விவாதம் எழுந்தபோது கிறித்தவர்களிடையே கருத்தொற்றுமை இல்லை. முதல் மாநாட்டில் பங்கேற்ற கே.டி. பாலும், இரண்டாம் மாநாட்டில் பங்கேற்ற எஸ்.கே. தத்தாவும் தனித் தொகுதியை ஏற்கவில்லை. ஏ.டி. பன்னீர்செல்வம் அதனை ஆதரித்து, 1931-இல் பிற சிறுபான்மைப் பிரதிநிதிகளுடன் உடன்பாட்டில் கையொப்பமிட்டார். 1932 ஆகஸ்டு 16 அன்று அறிவிக்கப்பட்ட வகுப்புவாரித் தீர்ப்பு கிறித்தவர்க்கும் தனித் தொகுதிகளை அளித்தது.

அசரியா இதனை வெளிப்படையாக எதிர்த்தார். அப்போது அவர் இந்தியத் தேசியக் கிறித்தவ மன்றத்தின் தலைவராகவும் இருந்தமையால் அவருடைய எதிர்ப்பு தனி மனிதரின் கருத்தாக மட்டும் கொள்ளப்படவில்லை. அவருடைய வாதம் தேசிய ஒற்றுமை என்பதோடு நின்றுவிடவில்லை; அது சபையின் இயல்பு பற்றியது. திருச்சபை எச்சாதியாரும் எம்மொழியினரும் சேரத்தக்க கூட்டுறவு. இடங்களைப் பங்கு கேட்கும்போது அது தன்னலம் காக்கும் மற்றுமொரு சாதியாகச் சுருங்கிவிடும். இதுவே அவருடைய கருத்தின் திரட்சி.

இவ்வாதத்தின் உட்பொருளை விரித்துக் காண்பது தகும். எண்ணிக்கைக்கு ஏற்ப இடம் என்னும் ஏற்பாட்டில், ஒவ்வொரு திருமுழுக்கும் ஒரு வாக்காளரை ஒரு பட்டியலிலிருந்து மற்றொரு பட்டியலுக்கு மாற்றும் செயலாகிவிடும். சமயம் மாறுவோரின் மனச்சான்று பின்தள்ளப்பட்டு, கணக்கே முன்னிற்கும். அந்நிலையில், மதமாற்றம் அரசியல் வலிமை தேடும் முயற்சி என்ற ஐயத்திற்கு மறுமொழி கூற இயலாது. ஆகவே சமயத்தைப் பரப்பும் உரிமையைக் காக்க விரும்பியவர் இடங்களைக் கேட்கும் உரிமையை விட்டுவிட வேண்டியிருந்தது. அசரியாவின் இரு நிலைப்பாடுகளையும் இணைக்கும் கண்ணி இதுவே.

காந்தியடிகளுடன் முரண்

1932-இல் தனித் தொகுதியை மறுத்ததில் அசரியாவும் காந்தியடிகளும் ஒரே பக்கம் நின்றனர். நான்கு ஆண்டுகளுக்குள் இருவரும் எதிரெதிர் நின்றனர். 1935 அக்டோபர் 13 அன்று இயோலாவில் அம்பேத்கர், தாம் இந்துவாக இறக்கப் போவதில்லை என அறிவித்தார். ஒடுக்கப்பட்ட மக்கள் எச்சமயம் சேர்வர் என்னும் வினா நாடெங்கும் எழுந்தது. இச்சூழலில், தெலுங்குப் பகுதியில் பெருந்திரளாக மக்கள் கிறித்தவராவதைக் குறிப்பிட்டு நிதி வேண்டிய மிஷனெரி அறிக்கைகளைக் காந்தியடிகள் 'ஹரிஜன்' இதழில் கடுமையாக வினவினார். கல்வியும் வாய்ப்பும் மறுக்கப்பட்ட மக்கள் சமயங்களை ஒப்பிட்டுத் தேரும் நிலையில் இல்லை. மாற்றும் நோக்குடன் செய்யும் தொண்டு தூய தொண்டாகாது என்பன அவருடைய கருத்துகள்.

அசரியாவின் பார்வை வேறு. 1930-இல் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட்டுடன் இணைந்து இந்தியக் கிராமங்களின் கிறித்தவ வாழ்வு பற்றி நூல் வெளியிட்டவர் அவர். மாலா, மாதிகா மக்கள் சமயம் மாறியதைப் பிறர் தூண்டுதலுக்கு இரையாகிய செயலாக அவர் கொள்ளவில்லை; தம் வாழ்வைத் தாமே மாற்றிக்கொள்ளும் முடிவாகவே கண்டார். அவர்களுடைய வாழ்வில் நேர்ந்த மாற்றத்தைக் கண்டே பிற சாதியினரும் சபையை நாடினர் என்பதை அவர் சான்றாகக் காட்டினார்.

இங்கு எதிர்ப்பட்டவை இருவேறு அடிப்படைகள். சமயம் என்பது பிறப்போடு வரும் மரபு. அதனை உள்ளிருந்து சீர்திருத்த வேண்டும் என்பது காந்தியடிகளின் துணிபு. சமயம் என்பது மனிதன் தேர்ந்துகொள்வது. அத்தேர்வுரிமை கல்லாத உழவனுக்கும் உண்டு என்பது அசரியாவின் துணிபு. காந்தியடிகளின் வினாவில் வெளிநாட்டு நிதி பற்றிய நியாயம் இருந்தது. அசரியாவின் விடையில், ஒடுக்கப்பட்டோர் முடிவெடுக்கும் ஆற்றல் பற்றிய நியாயம் இருந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் ஏற்று மற்றதைத் தள்ளும் வரலாற்றெழுத்து முழுமையுடையதன்று. சூசன் பில்லிங்டன் ஹார்ப்பர் 2000-இல் வெளியிட்ட விரிவான வாழ்க்கை வரலாறு அசரியாவை 'மகாத்மாவின் நிழலில்' வைத்துத் தலைப்பிட்டமை இம்முரணின் ஆழத்தைச் சுட்டுவதாகும்.

விலை கொடுத்தவர் எவர்?

அசரியாவின் கொள்கை உயர்ந்தது. ஆனால் அதனை நடைமுறையில் சோதிக்கும்போது ஒரு சிக்கல் புலப்படுகிறது. சபை கணக்கிலிருந்து விலகினாலும், அரசு கணக்கிடுவதை நிறுத்தவில்லை. 1932 செப்டம்பர் 24 அன்று ஏற்பட்ட பூனா ஒப்பந்தம் மாகாணச் சட்டமன்றங்களில் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கு 148 இடங்களைப் பொதுத் தொகுதிக்குள் ஒதுக்கியது. 1936-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்தியக் கிறித்தவர் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்று வரையறுத்தது. தோர்ணக்கலின் மாலா கிறித்தவர் ஊரில் தீண்டத்தகாதவராகவே நடத்தப்பட்டார். ஆனால் அரசின் ஏட்டில் அவர் தீண்டத்தகாதவர் அல்லர்.

தனித் தொகுதி நிலைத்திருந்தால் இம்மக்களுக்கு நன்மை விளைந்திருக்குமா? உறுதியாக ஆம் எனக் கூறுவதற்கில்லை. அக்கால வாக்குரிமை சொத்து, வரி முதலியவற்றை அடிப்படையாகக் கொண்டது. நிலமற்ற உழவுத் தொழிலாளரில் மிகச் சிலரே வாக்காளராக இருந்திருக்க முடியும். நகர்ப்புறக் கல்வி பெற்ற கிறித்தவரே அவ்விடங்களை நிரப்பியிருப்பர் எனக் கருத இடமுண்டு. இவ்வகையில் அசரியா மறுத்தது, பெரிதும் மேல்தட்டினர்க்குரிய பயனையே எனலாம். ஆயினும், சாதியால் ஒடுக்கப்பட்ட கிறித்தவர்க்குத் தனியாக ஒரு காப்பு வேண்டும் என்னும் சிந்தனை அவருடைய வாதத்தில் இடம்பெறவில்லை. சபைக்குள் சாதி இல்லை என்பது அவர் கொண்ட இலட்சியம். அதனை நிலவும் உண்மையாகக் கொண்டு அரசியல் முடிவெடுத்தபோது, இலட்சியத்திற்கும் உண்மைக்கும் இடைப்பட்ட வெளியில் வாழ்ந்த மக்களே விலை கொடுத்தனர்.

மறைவிற்குப் பின்

அசரியா 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கலில் மறைந்தார். நாட்டின் விடுதலையையோ, தாம் கால் நூற்றாண்டு உழைத்த சபை ஒன்றிப்பையோ அவர் காணவில்லை. 1947 ஆகஸ்டு 15-க்கு ஆறு வாரங்களுக்குப் பின், செப்டம்பர் 27 அன்று, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், தென்னிந்திய ஐக்கிய சபையினர் அதில் ஒன்றிணைந்தனர். பேராயர் ஆட்சியுடைய சபையும் அஃதில்லாச் சபைகளும் ஒன்றான இந்நிகழ்வு உலகத் திருச்சபை வரலாற்றில் முன்மாதிரி இல்லாதது.

அரசியல் தளத்திலும் அவருடைய நிலைப்பாடுகள் எதிரொலித்தன. 1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபை தனித் தொகுதி முறையைக் கைவிட்டது. 1949 மே மாதத்தில் சமயச் சிறுபான்மையினர்க்கான சட்டமன்ற இட ஒதுக்கீடும் விலக்கப்பட்டது. சிறுபான்மையினர் துணைக்குழுவின் தலைவராக இருந்த எச்.சி. முகர்ஜி ஒரு கிறித்தவர். மறுபுறம், 1948 டிசம்பரில் சமயத்தைப் பரப்பும் உரிமை விவாதிக்கப்பட்டபோது டி.டி. கிருஷ்ணமாச்சாரி, எல். கிருஷ்ணசாமி பாரதி முதலியோர் அதனை ஆதரித்துப் பேசினர். இன்றைய 25-ஆம் உறுப்பில் அவ்வுரிமை இடம்பெற்றது. இடம் வேண்டா, பரப்பும் உரிமை வேண்டும் என்ற அசரியாவின் இரு கோரிக்கைகளும் ஏறத்தாழ அவ்வாறே அரசமைப்பில் நிலைபெற்றன. இதனை அவரது செல்வாக்கின் நேர் விளைவாகக் கூற முடியாது. எனினும் 1930-களில் முரண்பாடாகத் தோன்றிய ஓர் இணைப்பு, 1949-க்குள் நாட்டின் பொது ஏற்பாடாக மாறியமை கருதத்தக்கது.

மூன்றாவது வினா மட்டும் தீராமல் நின்றது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கும் குறிப்பிட்ட சில சீக்கியப் பிரிவினர்க்கும் உரியதாக்கியது. 1956-இல் சீக்கியர் அனைவரும், 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. ஆந்திரப் பகுதியில் சமயம் மாறிய பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலின் 'சி' பிரிவில் ஒரு விழுக்காட்டு ஒதுக்கீட்டுடன் வைக்கப்பட்டனர். இச்சிக்கலை ஆராய 2022-இல் ஒன்றிய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தமை, தோர்ணக்கல் எழுப்பிய வினா தொண்ணூறு ஆண்டுகளாகியும் முடிவுறாததைக் காட்டுகிறது.

நிறைவுரை

விடுதலையை நோக்கிய காலத்தில் பேராயர் அசரியாவின் பங்கு மூன்று நிலைகளில் அமைந்தது. சபையின் பொருளும் நிருவாகமும் இந்தியர் கைக்கு வர வேண்டும் என 1903 முதல் உழைத்தமை முதலாவது. சிறுபான்மைச் சமயம் தன்னை ஓர் அரசியல் கூறாக எண்ணிக்கொள்ளலாகாது என 1932-இல் வலியுறுத்தியமை இரண்டாவது. ஒடுக்கப்பட்டவரின் சமயத் தேர்வுரிமையை நாட்டின் ஒப்பற்ற தலைவர் மறுத்தபோதும் விட்டுக்கொடாமை மூன்றாவது. இரண்டாவதும் மூன்றாவதும் முரண்பட்டவை அல்ல. சமயம் மனச்சான்றின்பாற்பட்டது, எண்ணிக்கையின்பாற்பட்டதன்று என்னும் ஒரே கொள்கையிலிருந்து பிறந்தவை.

அக்கொள்கை அரசமைப்பில் வென்றது; ஆனால் அதனை முதன்முதலில் ஏற்று நடந்த உழவுத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் அவ்வெற்றியின் நிழலிலேயே இன்னும் நிற்கின்றனர். அசரியாவைத் திருச்சபையின் தலைவராக மட்டுமோ, காந்தியடிகளின் எதிர்ப்பாளராக மட்டுமோ காண்பது இவ்வுண்மையைத் தவறவிடும். தோர்ணக்கல் கிராமங்களின் சபைப் பதிவேடுகளும் தெலுங்கு வாய்மொழி வழக்காறுகளும் முறையாகத் தொகுக்கப்படுமாயின், பேராயர் எடுத்த முடிவுகளை அம்மக்கள் எவ்வாறு ஏற்றனர் என்னும் வரலாறும் எழுதப்படக்கூடும். தமிழரொருவரின் தலைமையை அறிய நாம் திருநெல்வேலியிலிருந்து தொடங்குவது இயல்பே. அதன் விளைவை அறியத் தெலுங்கு நாட்டுச் சேரிகளுக்குச் சென்றாக வேண்டும்.